மீன்தொட்டி ஹீட்டர்: வரலாறும், சேலம், நாமக்கல் சமவெளியில் அதன் இடமும்

மீன்தொட்டி ஹீட்டர் என்பது வெப்பமண்டல வண்ண மீன்கள் வாழும் தொட்டி நீரைக் குறித்த வெப்பநிலையில் வைத்திருக்கும் மின்கருவியாகும். பெரும்பாலான மீன்களால் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. நீரின் வெப்பநிலை எதுவோ அதுவே அவற்றின் உடல் வெப்பநிலை. நீர் குளிர்ந்தால் மீனின் செரிமானமும் நோய் எதிர்ப்பாற்றலும் நீந்தும் வேகமும் குறைகின்றன. ஆகவே மின்சாரம் நின்றாலோ ஹீட்டர் பழுதானாலோ தொட்டி மீனின் உயிர், சுற்றியுள்ள காற்று எவ்வளவு குளிர்ந்துள்ளது, தொட்டி நீர் எவ்வளவு நேரம் சூட்டைத் தாங்கும் என்ற இரண்டையும் பொறுத்து அமைகிறது.

ஹீட்டர் குளிர் நாடுகளில் பிறந்த கருவி. அதைப் பற்றிய அறிவுரைகளும் அங்கிருந்தே வந்தன. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி போன்ற வெப்பமான இடங்களுக்கு அவற்றில் சில பொருந்தும், சில பொருந்தா. இப்பகுதியில் ஹீட்டர் நிற்கும்போது மீனுக்கு முதலில் வரும் ஆபத்து பெரும்பாலும் குளிர் அல்ல. இதை விளங்கிக்கொள்ள ஹீட்டரின் வரலாற்றையும், 2012ஆம் ஆண்டின் மின்வெட்டையும், நீர் சூட்டைச் சேமிக்கும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொட்டி வளர்ப்பின் தொடக்கம்

அழகுக்காக மீன் வளர்க்கும் பழக்கம் சீனாவில் தங்கமீனோடு தொடங்கியது. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. தங்கமீன் குளிர்ந்த நீரிலும் வாழும். ஆகையால் அதற்கு ஹீட்டர் என்ற எண்ணமே எழவில்லை.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்க்கும் நவீன முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவானது. நீர்ச்செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி ஒரே தொட்டியில் வாழ முடியும் என்பதை வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் எடுத்துரைத்தார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சென்றது. இவற்றில் வளர்க்கப்பட்டவை பெரும்பாலும் உள்நாட்டு ஆற்று மீன்களும் கடற்கரை உயிரிகளும்தாம்.

1869இல் சீனாவிலிருந்து சொர்க்க மீன் எனப்படும் வண்ண மீன் பாரிஸ் நகருக்கு வந்தது. பியர் கார்பொனியே என்பவர் அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார். ஐரோப்பியத் தொட்டிகளில் தழைத்த முதல் வெளிநாட்டு வண்ண மீன்களில் இது ஒன்று. இது தழைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஓரளவு குளிரை அது தாங்கும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கவும் அதனால் முடியும்.

காற்றைச் சுவாசிக்கும் இந்த உறுப்பு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்பு இருக்கிறது. தரங்கம்பாடியில் பனைமரத்தின் மீது இம்மீனைக் கண்டதாக டேனிய அதிகாரி டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இன்று கடைகளில் விற்கும் ஃபைட்டர் மீனும் குராமி வகைகளும் இந்தப் பனையேறிக் கெண்டையின் உறவினங்களே. மின்சாரம் நின்ற தொட்டியில் எந்த மீன் முதலில் தவிக்கும், எது தாக்குப்பிடிக்கும் என்பதை இந்த உறுப்பு பெரிதும் தீர்மானிக்கிறது.

விளக்குச் சுடரிலிருந்து மின்கம்பிக்கு

சொர்க்க மீனைத் தொடர்ந்து தென் அமெரிக்காவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் பல மீன்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அவற்றால் அந்நாட்டுக் குளிரைத் தாங்க முடியவில்லை. எனவே தொட்டிக்குச் சூடேற்ற வேண்டிய தேவை எழுந்தது.

தொடக்ககாலத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, அடிப்பாகத்தில் சிலேட்டுக் கல் பதித்துச் செய்யப்பட்டன. அந்தக் கல்லுக்குக் கீழே எண்ணெய் விளக்கையோ எரிவாயுச் சுடரையோ வைத்துச் சூடேற்றினர். கல் மெல்லச் சூடாகி நீருக்குச் சூட்டைக் கொடுத்தது. இந்த முறையில் குறைகள் பல. சுடர் தூண்டப்பட்டால் நீர் கொதிநிலையை நோக்கிப் போகும், காற்றில் அணைந்தால் விடிவதற்குள் குளிர்ந்துவிடும். புகையும் தீ அபாயமும் வேறு. இரவில் எழுந்து விளக்கைப் பார்ப்பது வளர்ப்பவரின் வேலையாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் வீடுகளுக்கு வந்தபின் இந்த நிலை மாறியது. இதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் துணை நின்றன. ஒன்று நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த இக்கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். செந்தழலாகக் காய்ந்தாலும் எளிதில் எரிந்து போகாத கம்பி இது. இஸ்திரிப் பெட்டியிலும் மின் அடுப்பிலும் இருப்பது இதே வகைதான். இதைப் பீங்கான் தண்டில் சுற்றிக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தபோது நீருக்குள் வைக்கும் ஹீட்டர் பிறந்தது.

மற்றொன்று ஈருலோகப் பட்டை. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டினால், சூடு ஏறும்போது பட்டை ஒரு பக்கம் வளையும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடிகார வினைஞர் ஜான் ஹாரிசன் தம் கடிகாரங்களில் பயன்படுத்திய உத்தி இது. ஹீட்டரில் இப்பட்டை மின்தொடர்பைத் தொட்டும் விட்டும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறது. இரவில் விழித்து விளக்குத் திரியைத் தூண்டியவரின் வேலையை இந்தச் சிறு பட்டை ஏற்றுக்கொண்டது. அதே சமயம் மீனின் உயிர் ஒரு மின்கம்பியின் தயவுக்கு வந்தது.

அந்தக் கம்பி அறுந்த காலங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பரில், குண்டுவீச்சுக்கு ஆளான பெர்லின் மீன் காட்சியகம் தன் உயிரினங்களில் பெரும்பகுதியை இழந்தது. பிரிட்டனில் 1972ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. தொட்டியைப் போர்வையால் சுற்றுதல், வெந்நீர்ப் புட்டியை நீரில் மிதக்கவிடுதல் போன்ற முறைகள் இத்தகைய குளிர் நாட்டுச் சூழலுக்கு உரியவை. வெளியே பனி, வீட்டுக்குள் 10 பாகை செல்சியஸ் என்ற நிலையில் அவை இன்றியமையாதவை.

தமிழ்நாட்டில் தொட்டி மீன்

சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது இது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு அச்சத்தால் மூடப்பட்டது. வங்கக் கடலின் வெதுவெதுப்பான நீரில் பிடித்த மீன்களைக் கரையிலேயே காட்சிக்கு வைத்த இடம் அது. ஐரோப்பியக் காட்சியகங்களின் முதல் கவலையான சூடேற்றல் இங்கே ஒரு கவலையே இல்லை.

வீட்டுத் தொட்டிக்கும் இது பொருந்தும். தென் அமெரிக்காவின் கப்பி மீன் கொசுப்புழு ஒழிப்பிற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது இன்று சாக்கடையிலும் கிணற்றிலும் எந்த ஹீட்டரும் இன்றிப் பெருகுகிறது. பிற்காலத்தில் சென்னை கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற இடமாக வளர்ந்தது. மாலி, வாள்வால், ஏஞ்சல், குராமி முதலிய வெப்பமண்டல மீன்கள் அங்கே திறந்த சிமெண்ட் தொட்டிகளில் பெருக்கப்படுகின்றன.

வண்ண மீன் வணிகத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. மீன்கள் பாலித்தீன் பைகளில் பயணம் செய்கின்றன. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்தில் ஆக்சிஜனும் அடைக்கப்படும். தொலைதூரத்துக்கு என்றால் அப்பைகளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். ஓர் இரவு முழுவதும் பேருந்திலோ ரயிலிலோ வரும் அந்தப் பெட்டியில் ஹீட்டர் கிடையாது. சூட்டை உண்டாக்காமல், இருக்கும் சூட்டை வெளியேறவிடாமல் தடுத்தே மீன் உயிரோடு வந்து சேர்கிறது. ஹீட்டர் நின்ற தொட்டிக்கும் இதே வழிதான்.

சமவெளியின் தட்பவெப்பம்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவற்றுக்கு நடுவே அமைந்துள்ளது. நாமக்கல் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த சமவெளி. கிழக்கே கொல்லிமலை நிற்கிறது. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது இங்கு இயல்பு. மார்கழி, தை மாதங்களில் விடியற்கால வெப்பநிலை 18 முதல் 20 பாகை வரை இறங்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது நம் சொலவடை. ஆனாலும் அது வெட்டவெளிக் குளிர். கூரையும் சுவரும் உள்ள வீட்டுக்குள் வெப்பம் 22 பாகைக்குக் கீழே போவது அரிது.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் நிலைமை வேறு. அங்கே குளிர்கால இரவு வெப்பநிலை சமவெளியைவிடப் பல பாகை குறைவு. ஒரே மாவட்டத்தில், கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே ஹீட்டர் பெரும்பாலான நாட்களில் தேவையற்றது, மேலே அது அவசியம். எனவே ஹீட்டர் பற்றிய பொது அறிவுரை எதையும் ஊரின் உயரத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டு

தமிழ்நாட்டில் 2008 முதல் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது உச்சத்தை எட்டியது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கும் மேல் மின்சாரம் இல்லை. மேட்டூர் அணையின் நீர்மின் நிலையமும் மேட்டூர் அனல்மின் நிலையமும் அமைந்த சேலம் மாவட்டமும் இதற்கு விலக்காகவில்லை. மின்னுற்பத்தி நடக்கும் மாவட்டம் என்பதால் மின்வெட்டு குறைவதில்லை. உற்பத்தியாகும் மின்சாரம் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது.

மின்வெட்டு ஐப்பசி, கார்த்திகையில் முற்றியதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றாலைகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை அவை நன்கு சுழலும். அக்டோபரில் காற்று ஓயும்போது உற்பத்தி சரியும். வெளி மாநிலங்களிலிருந்து மின்சாரம் வாங்கவும் வழி குறுகலாக இருந்தது. தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்திசைவாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். ஆகவே வடகிழக்குப் பருவமழை மேகம் வெயிலை மறைக்கும் மாதங்களில், அதாவது தொட்டி நீர் குளிரத் தொடங்கும் காலத்தில், மின்வெட்டும் கடுமையாயிற்று.

2013இல் மேட்டூரில் 600 மெகாவாட் திறன்கொண்ட புதிய அனல்மின் அலகு இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கூடங்குளம் முதல் அணு உலையின் மின்சாரம் கட்டமைப்பில் சேர்ந்தது. அடுத்த ஆண்டுகளில் மின்வெட்டு படிப்படியாகக் குறைந்தது. ஆயினும் புயல், மழை, மின்மாற்றிப் பழுது ஆகியவற்றால் பல மணி நேரம் மின்சாரம் நிற்பது இன்றும் நிகழ்கிறது. ஆகவே அந்தக் காலத்திற்கு உரிய கேள்வி இன்றைக்கும் உரியதே.

நீர் சேமிக்கும் சூடு

ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை. சூடேற நிறைய வெப்பம் வாங்கும் நீர், குளிரும்போது அதே அளவைத் திருப்பித் தந்துதான் குளிர முடியும். 100 லிட்டர் தொட்டியை ஒரு பாகை சூடேற்ற 100 வாட் ஹீட்டர் சுமார் 70 நிமிடம் தொடர்ந்து எரிய வேண்டும். அவ்வளவு வெப்பம் வெளியேறினால்தான் அந்தத் தொட்டி ஒரு பாகை குளிரும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். அறையின் வெப்பநிலை 22 பாகை. தொட்டி நீர் 27 பாகை. அதைக் காக்க 100 வாட் ஹீட்டர் பாதி நேரம் எரிகிறது என்று கொள்வோம். அப்படியானால் தொட்டி இழக்கும் வெப்பம் 50 வாட். மின்சாரம் நின்றால் முதல் ஒரு மணி நேரத்தில் நீர் சுமார் 0.4 பாகை மட்டுமே குளிரும். நீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு குறையக் குறைய குளிரும் வேகமும் குறையும். இது நியூட்டனின் குளிர்தல் விதி. 12 மணி நேரம் கழிந்தபின் நீர் சுமார் 24 பாகையில் இருக்கும். அறையின் வெப்பநிலையான 22 பாகைக்குக் கீழே அது இறங்காது.

அதே தொட்டியை 10 பாகை அறையில் வைத்தால் கணக்கு மாறுகிறது. வேறுபாடு 17 பாகை என்பதால் முதல் மணி நேரத்திலேயே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குறையும். 12 மணி நேரத்தில் நீர் 16 பாகைக்கு வந்துவிடும். முன்னது மீனுக்குச் சற்று அசௌகரியம். பின்னது பல வெப்பமண்டல மீன்களுக்கு மரணம். குளிர் நாட்டு நூல்களின் பதற்றம் இரண்டாம் கணக்கிலிருந்து வந்தது. சமவெளியில் வாழ்பவர் முதல் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்.

தொட்டியின் அளவும் முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகும். சூடு வெளியேறும் பரப்போ 4 மடங்குதான். ஆகவே பெரிய தொட்டி குளிர இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். மேலே கண்ட அறையில் 20 லிட்டர் தொட்டி 12 மணி நேரத்தில் சுமார் 23 பாகைக்கு வந்துவிடும். இடநெருக்கடியால் சிறிய தொட்டியை நாடுபவர், அது சூட்டையும் விரைவில் இழக்கும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

முதல் ஆபத்து மூச்சு

மின்சாரம் நிற்கும்போது ஹீட்டரோடு காற்றுப் பம்பும் வடிகட்டியும் சேர்ந்தே நிற்கின்றன. மேற்கண்ட கணக்கின்படி குளிர் வர மணிக்கணக்காகும். ஆனால் மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் ஆக்சிஜன் குறைவு அதைவிட விரைவில் வரலாம். சமவெளியில் மின்வெட்டுக்குப் பின் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து நின்றால், குளிரைவிட மூச்சுத் திணறலையே முதலில் ஐயுற வேண்டும்.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கடல்மட்ட அளவில் 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 25 பாகையில் அது 8.3 ஆகவும், 30 பாகையில் 7.6 ஆகவும் குறையும். மேலும் சூட்டில் மீனின் உடல் இயக்கம் விரைவதால் அதன் ஆக்சிஜன் தேவை கூடும். ஆகவே நீர் இரண்டு மூன்று பாகை குளிர்வது ஒரு வகையில் மீனுக்குத் துணையே. காற்றுப் பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் நீரை அவசரமாகச் சூடேற்றுவது மூச்சுத் திணறலை அதிகப்படுத்தும்.

ஃபைட்டர், குராமி போன்றவை மேற்பரப்புக் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும். ஏஞ்சல், டெட்ரா, பார்ப் வகைகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்காக ஒரு குவளையில் தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றலாம். சில நிமிடங்கள் இப்படிச் செய்தால் காற்று கலக்கும். அரை மணி நேரத்திற்கு ஒருமுறை இதைச் செய்வது எந்தக் கருவியும் இல்லாத வீட்டிலும் இயலும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதை முதலில் தரவேண்டியது சில வாட் மட்டும் எடுக்கும் காற்றுப் பம்பிற்கே. 100 வாட் ஹீட்டருக்கு அடுத்த இடம் போதும்.

நாமக்கல் கோழிப்பண்ணை தரும் ஒப்புமை

சிறு உயிர்களைச் சூட்டில் காக்கும் அறிவு இச்சமவெளிக்குப் புதிதல்ல. முட்டைக் கோழி வளர்ப்பில் பெயர்பெற்ற நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வருவார்கள். புரூடர் எனப்படும் கூண்டு விளக்கின் கீழ்க் குஞ்சுகள் வளரும். மின்சாரம் இல்லாதபோது கரி அடுப்பு வைப்பதும், பக்கங்களில் சாக்குப் படுதா கட்டுவதும், தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ பரப்புவதும் பண்ணைகளில் பழகிய வழிகள்.

அங்கே வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடத்தையே நம்பகமான அளவுகோல். குளிர்ந்தால் விளக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று குவியும். சூடு மிகுந்தால் ஓரத்துக்கு ஒதுங்கும். சீராக இருந்தால் பரவலாக மேயும். மீனுக்கும் இப்படியே. குளிர்ந்த மீன் அடியில் ஒதுங்கித் துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், இரையை நாடாது. மூச்சுத் திணறும் மீன் மேலே வந்து வாய் திறக்கும், செவுள்கள் வேகமாக அடிக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் செய்யவேண்டியது எது என்பது தெளிவாகும்.

ஆனால் கரி அடுப்பு முறையை மீன்தொட்டிக்குக் கொண்டுவரலாகாது. மூடிய அறையில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும். அது முதலில் அந்த அறையில் உறங்கும் மனிதரையே கொல்லும்.

ஹீட்டர் நின்றால் செய்ய வேண்டியவை

முதல் வேலை சூட்டை வெளியேறவிடாமல் தடுப்பது. தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் தெர்மோகோல் தகடு வைக்கலாம். இல்லாவிடில் ஜமக்காளம், கோணிப்பை, பழைய போர்வை எதுவும் போதும். மாங்காயை வைக்கோலில் புதைத்துப் பழுக்க வைப்பதும், குளிர்காலத்தில் தயிர்ப் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பதும் இதே அறிவின் வேறு வடிவங்கள். மேல்மூடியை மட்டும் முற்றாக அடைக்கக் கூடாது. நீருக்கு மேல் காற்று புகும் இடைவெளி வேண்டும். காற்றைச் சுவாசிக்கும் மீன்களுக்கு நீரின் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருப்பதும் தேவை.

இரண்டாவது, இரை போடாமல் இருப்பது. குளிர்ந்த மீனுக்குச் செரிமானம் மந்தமாகும். உண்ணாத இரை அழுகி, எஞ்சியுள்ள ஆக்சிஜனையும் தின்னும். நலமான மீன் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும்.

மூன்றாவது, தேவைப்பட்டால் மட்டும் வெந்நீர்ப் புட்டி. வெந்நீரை நேரடியாகத் தொட்டியில் ஊற்றுவது தவறு. நன்கு மூடிய புட்டியில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிட வேண்டும். 60 பாகை வெந்நீர் 2 லிட்டர் கொண்ட புட்டி, 24 பாகையில் உள்ள 100 லிட்டர் தொட்டியை அதிகபட்சம் 0.7 பாகை உயர்த்தும். இது பாதுகாப்பானது. அதே புட்டி 20 லிட்டர் தொட்டியை 3 பாகைக்கு மேல் உயர்த்திவிடும். இந்தத் திடீர் ஏற்றம் குளிரைவிடக் கேடு. சிறு தொட்டிக்கு அரை லிட்டர் புட்டியே போதும். மணிக்கு ஒரு பாகை என்ற அளவில் மெல்ல ஏற்றுவது நல்லது.

மின்சாரம் திரும்பியதும் ஹீட்டர் நீரில் முழுமையாக மூழ்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர்மட்டம் குறைந்து வெளியே தெரியும் கண்ணாடிக் குழாய் காய்ந்து வெடிக்கும். தொட்டிக்குள் கை வைக்குமுன் ஹீட்டர் செருகியைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த ஒரு வாரம் மீன்களின் உடலில் உப்புத் தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். குளிர்ச்சியால் எதிர்ப்பாற்றல் குன்றிய மீனை ஓர் ஒட்டுண்ணி தாக்குவதால் வரும் நோய் அது.

எதிர்ப்பக்கப் பழுது

ஹீட்டர் பழுது என்றால் சூடேறாமை மட்டும் அல்ல. ஈருலோகப் பட்டையின் தொடர்முனைகள் தீப்பொறியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். குளிர் நாட்டில் அறையின் குளிர் அந்தச் சூட்டில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும். சமவெளியில் பகல் அறையே 32 பாகையைத் தொடும் நாட்களில் இந்தப் பழுது மீனை அவித்துவிடும். எனவே இப்பகுதியில் நின்றுபோன ஹீட்டரைவிட நிற்காத ஹீட்டர் ஆபத்தானது. மாசி முடிந்ததும் செருகியைக் கழற்றி வைப்பதும், தொட்டிக்குத் தேவையானதைவிடப் பெரிய வாட் ஹீட்டரை வாங்காதிருப்பதும், தனியாக ஒரு வெப்பமானியை ஒட்டி வைப்பதும் எளிய காப்புகள்.

மீனைத் தேர்வதும் ஒரு காப்பு

எல்லா வெப்பமண்டல மீன்களுக்கும் தேவை ஒன்றல்ல. அமேசானின் டிஸ்கஸ் 28 பாகைக்குக் குறையாத நீரை நாடும். சமவெளியிலும் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் அதற்கு ஹீட்டர் தேவை. நியான் டெட்ரா 20 முதல் 26 பாகை வரை நலமாக வாழும். அதற்கு இவ்வூர் மார்கழியைவிடச் சித்திரையே சோதனை. கப்பி, மாலி, வாள்வால் ஆகியவை இப்பகுதியின் ஆண்டு முழுவதுக்குமான ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். தங்கமீனுக்கு ஹீட்டர் வேண்டியதில்லை. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் இருப்பவர் அங்குள்ள காற்றின் வெப்பத்திற்கு ஒத்துவரும் மீனைத் தேர்ந்துகொண்டால், ஹீட்டர் நிற்கும் நாள் அவருக்கு ஒரு நெருக்கடியாக இராது.

வரலாற்றுப் பாடம்

சிலேட்டுக் கல்லுக்கு அடியில் விளக்கு வைத்தவர்கள் தங்கள் ஊரின் குளிரை எதிர்த்துப் போராடினார்கள். அவர்களுடைய கருவி உலகெங்கும் பரவியது. கூடவே அவர்களுடைய அச்சமும் பரவியது. சேலம், நாமக்கல் சமவெளியில் கருவி பயன்படலாம், அச்சம் அப்படியே பொருந்தாது. இங்கே நீரும் அறையும் சேர்ந்து பல மணி நேரம் மீனைக் காக்கின்றன. அந்த நேரத்தில் வளர்ப்பவர் செய்ய வேண்டியது மூச்சுக்கு வழி செய்வதும், சூட்டை மூடிக் காப்பதும், அவசரப்படாமல் இருப்பதும்தான். 2012இன் நீண்ட இரவுகளைப் போல மீண்டும் ஒரு காலம் வந்தாலும் ஒரு குவளை, ஒரு போர்வை, ஒரு வெப்பமானி ஆகிய மூன்றையும் கொண்டு சமவெளியின் ஒரு சாதாரண வீட்டுத் தொட்டியைக் காப்பாற்றிவிட முடியும்.